திருவோணம் முடியறக்குள்ள

ஓட்டு ஊட்டைப் பிரிக்கறதுன்னா மழைக்கு முன்னாடி பிரிச்சறோணும்ங்க அம்மிணி. ஓடு நனைஞ்சா எடை ஏறிப்போகும், எறக்கறவன் கையில வழுக்கும். மரமும் தண்ணியக் குடிச்சுப்போட்டு நெளிஞ்சு நிக்கும். மறுக்காக் கொண்டு போய் நிறுத்தறப்ப பொருந்தாதுங்க. அதனாலதான் ஆடிக்குள்ள முடிச்சறோணும்னு நான் அத்தனை அவசரப்பட்டது. வேற ஒண்ணுமில்லீங்க.

டீ போதும்ங்க. நீங்க குடிங்க.

இன்ஸ்பெக்டர் ஜனனின்னு பலகையில பார்த்தேன். என்ற பேரு சுப்பாத்தாள். எழுதறவருகிட்டக் கொஞ்சம் சொல்லீருங்க, கிட்டுசாமி சம்சாரம்னு ஆரம்பிக்க வேண்டாம். சுப்பாத்தாள்னு மட்டும் எழுதட்டும். யாரும் என்னைப் புடிச்சுட்டு வரலீங்க. நானேதான் பஸ் ஏறி வந்தேன்.

எங்கூடு வேலம்பாளையத்துல இருந்துச்சுங்க. தொட்டிக்கட்டு ஊடு. நடுவால வானம் பார்த்த தொட்டி, சுத்தி நாலு பக்கமும் தாவாரம், முன்னாடி வர்றவிய உக்கார்ற ஆசாரம். ஆசாரத்துல தேக்குத் தூணுக. ரெண்டு கையிலயும் கட்டிப்புடிச்சாலும் வெரலு தொடாதுங்க. என்ற மாமனாருக்குத் தாத்தன் கட்டினதுன்னு சொல்லுவாங்க. சுத்தியும் இருந்த காடெல்லாம் போயி, ஒரு பக்கம் நிட்டிங் கம்பெனி, ஒரு பக்கம் பிரிண்டிங், பொறகால லைன் ஊடுக. அந்த நிட்டிங் கம்பெனி ஓட ஆரம்பிச்சதுல இருந்து பஞ்சுத்தூசி எங்கூட்டுக்குள்ளதான். தூணுக்கு எண்ணெய் போட்டா அதுமேல பஞ்சு வந்து ஒட்டிக்கும். அதனால எண்ணெய் போட்டுப்போட்டு, பனியன் வேஸ்ட்டுத் துணியில சொட்டு ஈரமில்லாமத் தொடைச்சு எடுக்கோணும். ஒவ்வொரு தூணா, ஒவ்வொரு உத்தரமா. கொமரலிங்கத்துல இருந்து இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அடுத்த வாரத்துல ஆரம்பிச்சது. கடைசித் தூணைக் கழட்டி லாரியில ஏத்தற அன்னிக்குங்கூடத் தொடைச்சுத்தான் அனுப்பினேன்.

என்ற ஊட்டுக்காரருக்கு அந்த ஊடு ஒரு பொருட்டே இல்லீங்க. வெத்தலை போடுவாரு. போட்டு முடிச்சா வெரல்ல மிச்சமிருக்கற சுண்ணாம்பைப் பக்கத்துல இருக்கற தூணுல ஒரு இழுப்பு இழுப்பாரு. எப்பவும் அதே தூணு, அதே எடம். நான் கத்தியை வெச்சுச் சொரண்டுவேன், எண்ணெய் போடுவேன். அடுத்த நாளு மறுபடியும் ஒரு இழுப்பு. "ஏனுங்க, அந்தக் கையத்தான் கழுவுனா என்னுங்க"ன்னு ஒருக்காக் கேட்டேன். "என்ற அப்பன் ஊட்டுத் தூணு, உனக்கென்ன?"ன்னாரு. அதுக்கப்புறம் கேக்கலீங்க. ஆயுசு பூராவும் அவரு இழுத்தாரு, நான் சொரண்டுனேன். கடைசில என்னால சொரண்ட முடியாம உட்டுட்டேன். அந்த வெள்ளைக் கறை பெருசா நின்னுபோச்சு.

இதுக்கெல்லாம் ஒருத்தரைக் கொல்லுவாங்களான்னு நீங்க நெனைப்பீங்க. இல்லீங்க, இதுக்கில்லை. முறையாச் சொல்றேன், கேளுங்க.

ஒரு நாளு ஆரோக்கியராஜ் வந்தாரு, ஸ்வீட்டுப் பாக்ஸோட. தூத்துக்குடிப் பக்கத்தாளுங்க. டெய்லரா வந்து, இப்ப சொந்தமா கார்மெண்ட்ஸ் வெச்சிருக்கறாரு. கூட ரெண்டு பேரு டேப்பைப் புடிச்சு ஆசாரத்தை அளந்தாங்க. எதுக்குங்க அளக்கறீங்கன்னு கேட்டேன். அவரு முகம் செத்துப்போச்சு. "அம்மா, ஐயா உங்ககிட்டச் சொல்லலியா? போன வாரமே கிரயம் முடிஞ்சிட்டே"ன்னாரு. ஊட்டோட சேத்து எடத்தை வித்துப்போட்டாரு என்ற ஊட்டுக்காரரு. இடிச்சுப்போட்டுக் கட்டிங் குடோன் கட்டறதுன்னு பேச்சு. நான் உள்ள போயி அவருகிட்டக் கேட்டேன். "பொம்பளைகிட்டக் கேட்டுப்போட்டுத்தான் விக்கோணுமா?"ன்னாரு. டிவியை விட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க.

அந்த வருசமே அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்குச்சு. பேச்சும் போயிருச்சு. சாமி குடுத்த தண்டனைன்னு சொந்தக்கார ஒறம்பரையில ரெண்டு பேரு சொன்னாங்க. நான் அப்பிடிச் சொல்லலீங்க. நான் பார்த்துக்கிட்டேன். ஒத்தாசைக்கு ஒச்சாயின்னு ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கம் அவளுக்கு, மண்ணரையில லைன் ஊட்டுல குடியிருக்கறா. கம்பெனியில செக்கிங் பார்த்துட்டு இருந்தவ. முட்டி தேஞ்சு நிக்க முடியாமப் போயி எங்கூட்டு வேலைக்கு வந்தா. அவளும் நானுமாத்தான் அவரைப் பொரட்டிப் போடுவோம், தொடைச்சு உடுவோம். கஞ்சி மட்டும் நான்தான் ஊட்டுவேன், அவ கையில குடுக்கமாட்டேன். படுக்கைப் புண்ணு ஒண்ணு வந்ததில்லீங்க அவருக்கு. டாக்டரே மெச்சிப் பேசினாரு. அதையும் எழுதச் சொல்லுங்க.

மோனிஷா வந்தது அந்தச் சமயத்துலதானுங்க. பக்கத்துல இருக்கற யுனிவர்சிட்டியில கட்டடக்கலை சொல்லிக்குடுக்கற டீச்சரு. சின்னப் புள்ள. பழைய ஊடுகளைப் போட்டோ எடுத்துட்டு வந்த புள்ள, எங்க ஆசாரத்துல நின்னு அண்ணாந்து பார்த்துட்டே இருந்துச்சு. இடிக்கப் போறாங்கன்னு சொன்னேன். அதுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. "ஆன்ட்டி, இதை அப்படியே கழட்டி எங்க கேம்பஸ்ல திரும்பவும் நிறுத்திடலாம்"னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன். ஊடென்ன கட்டலா, கழட்டி மாட்டறதுக்கு? ஆனா அது நிசமாலுமே பேசி முடிச்சிருச்சுங்க. ஸ்டூடண்டுகளைக் கூட்டியாந்து தூணு, உத்தரம், வாசல் நெலவு, சன்னலு எல்லாத்துக்கும் நம்பர் எழுதுச்சு. எழுதிட்டே ஒரு தூணைத் தடவிப் பார்த்துட்டுக் கேட்டுச்சு. "இவ்வளவு வருசமா இதை யார் ஆன்ட்டி இப்படிப் பாத்துக்கிட்டது?"

நான்தான் கண்ணுன்னேன்.

"உங்க பேரைக் கல்லுலயே வெட்டி வைக்கணும் ஆன்ட்டி."

அந்தப் புள்ளைக்கு இப்ப அது நெனப்புல இருக்காதுங்க. பேச்சு வாக்குல சொன்னது. ஆனா ஆரு அம்மிணி எனக்கு அப்பிடிச் சொல்லியிருக்கறாங்க? பத்திரத்துல என்ற பேரு கெடையாது. கோயில் வரியில கெடையாது. கலியாணப் பத்திரிகையில "திருமதி கிட்டுசாமி"ன்னு போடுவாங்க, சுப்பாத்தாள்னு போடமாட்டாங்க. அன்னிக்குப் படுத்தா எனக்குத் தூக்கமே இல்லீங்க. கல்லு கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

ஆரோக்கியராஜும் ஒத்துக்கிட்டாரு. "மரமும் ஓடும் எனக்கு எதுக்கும்மா, தாராளமா எடுத்துக்கோங்க. ஆவணி பொறந்தா எனக்கு மெஷின் வந்து எறங்குது, அதுக்குள்ள எடம் காலியாகணும்"னாரு. அதுல தப்பு ஒண்ணும் இல்லீங்களே. பிரிக்கறதுக்கு ஜெயபாண்டின்னு ஒரு மேஸ்திரி ஆளுகளோட வந்தாரு. அவரும் தெக்கத்தி ஆளுதான். ஊட்டைச் சுத்திப் பார்த்துப்போட்டு, சின்ன அறையில படுத்திருந்த அவரையும் எட்டிப் பார்த்தாரு. அந்த வாரந்தானுங்க அவருக்கு ரொம்பவும் முடியாமப் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஊட்டுக்குக் கொண்டு போங்கன்னு அனுப்பிப்போட்டாங்க. ரெண்டு நாளோ மூணு நாளோன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு.

ஜெயபாண்டி என்னைத் தனியாக் கூப்புட்டாரு. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சாதாரணமா ஒரு சாவுன்னா, காரியம் முடிஞ்சதும் வந்து பிரிச்சுப்புடலாம், ஆடிக்குள்ளயே ஆயிரும். ஆனா அடைப்பு விழுந்துச்சுன்னா எங்க ஆளுக உத்தரத்துல கைய வைக்கமாட்டாங்க. எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க"ன்னாரு.

அடைப்பு உங்களுக்குத் தெரியும்தானுங்களே. அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் அஞ்சு நட்சத்திரம். அதுல ஒரு உசுரு போனா, போன எடத்தை ஆறு மாசம் அடைச்சு வெக்கோணும். தினமும் பொழுதோட வெளக்கு வெக்கோணும், தண்ணி வெக்கோணும். ஒரு ஓட்டை அசைக்கக் கூடாது. அசைச்சா அதே ஊட்டுல அடுத்தடுத்துச் சாவு உழும்னு சொல்லுவாங்க.

நான் செல்போனை எடுத்துப் பார்த்தேனுங்க. என்ற மருமக சுபஸ்ரீ அதுல காலண்டர் போட்டுக் குடுத்திருந்தா. அன்னிக்குத் திருவோணம். வெளக்கு வெக்கற நேரம் வரைக்கும் திருவோணம். அதுக்கப்புறம் அவிட்டம், சதயம்னு வரிசையா அஞ்சு நாளு. அவருக்கு டாக்டர் சொன்ன நாளும் அந்த அஞ்சுக்குள்ளதான் உழுகுது. ஆறு மாசம் அடைச்சு வெச்சா ஆவணியில ஜேசிபி வந்திரும். ஊடு மண்ணாப் போயிரும். கல்லு எங்க வெக்கறது?

வேற எடத்துக்குக் கொண்டு போயிருக்கலாம்லன்னு கேக்கறீங்க. நான் கேக்காமயா இருந்திருப்பேன்? என்ற பையன் நித்தீஷுக்குப் போன் அடிச்சேன். "அம்மா, அபார்ட்மெண்ட்டும்மா, அசோசியேஷன்ல கேப்பாங்க. சுபாவுக்கும் இது ஏழாவது மாசம்"னான். கொழுந்தனாருக்கு அடிச்சேன். "ஆவணியில புள்ளைக்குக் கலியாணம் வெச்சிருக்குதுங்க நங்கை, அடைப்பு எங்கூட்டுல உழுந்தா என்ன பண்றது?"ன்னாரு. காடு வித்த காசுல பங்கு வாங்கறப்ப எல்லாருக்கும் அண்ணன் வேணும். அண்ணன் சாகறதுக்கு ஆரு ஊட்டுலயும் ஒரு பாய் விரிக்க எடமில்லை. எனக்கு அப்ப உடம்பெல்லாம் பத்திட்டு எரிஞ்சுதுங்க. போனை வெச்சுட்டுப் போயி அவருக்குக் கஞ்சி ஆத்துனேன்.

ஒச்சாயியும் என்னமோ சொன்னா. அது கெடக்குது உடுங்க.

மத்தியானம் அவளை எளநீ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கஞ்சி ரெண்டு கரண்டி குடிச்சாரு அவரு. வாயைத் தொடைச்சு உட்டேன். தலைக்கு வெச்சிருந்தது கட்டிங் வேஸ்ட்டு அடைச்ச தலகாணி, நான் தெச்சதுதான், நல்லாக் கனமா இருக்கும். அதை எடுத்தேன். அவருக்குக் கண்ணு தெளிவாத்தான் இருந்துச்சு. என்னையவே பார்த்தாரு. "திருவோணம் முடியறக்குள்ள போயிருங்க, அதுதான் எல்லாருக்கும் நல்லது"ன்னு சொன்னேன். சொல்லாமச் செய்யலீங்க. அவருகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் செஞ்சேன். எங்கிட்டச் சொல்லாம ஊட்டை வித்தாரு பாருங்க, அந்த மாதிரி நான் பண்ணலை.

நல்லா இருந்த கை ஒண்ணு இருந்துச்சல்லங்க, அதுல என்ற மணிக்கட்டைப் புடிச்சாரு. தடுக்கறதுக்குன்னு எழுதீராதீங்க. தொணைக்குப் புடிச்சாரு. கலியாணத்தன்னிக்கி மணவறையில புடிச்சதுக்கப்புறம் அவரா என்ற கையைப் புடிச்சது அன்னிக்குத்தான். பக்கத்துக் கம்பெனியில டீ டைமுக்கு சங்கு ஊதுனாங்க. அது நிக்கறப்ப அவரும் நின்னுட்டாரு. நான் தலகாணியைத் திரும்ப அவரு தலைக்கே வெச்சு, வேட்டியைச் சரி பண்ணி உட்டேன். ஒச்சாயி எளநீயோட வந்தா. போயிட்டாரும்மான்னு நான்தான் சொன்னேன். அவ அவரு மொகத்தையும் பார்த்தா, என்ற மணிக்கட்டையும் பார்த்தா.

ஒறம்பரையெல்லாம் வந்துருச்சு. சாகறவரைக்கும் வராத சனம், செத்ததும் கார் காரா வந்து எறங்குது. பங்காளியில மூத்தவரு ஒருத்தரு பஞ்சாங்கத்தை விரிச்சாரு. பக்கத்தைத் தள்ளிப் பார்த்துட்டு உச்சுக் கொட்டினாரு. "உச்சிக்கு முன்னாடியே திருவோணம் போயிருச்சப்பா. அவிட்டம்தான். ஊடு அடைப்பு"ன்னாரு.

நான் செல்போனைக் கொண்டு போயி நீட்டுனேன். இல்லீங்க, பொழுதோட வரைக்கும் திருவோணம்தான், பாருங்கன்னேன். அவரு வாங்கிக்கூடப் பாக்கலை. "போன்ல வர்றது திருக்கணிதம் ஆத்தா. அதுல ஒரு நேரங் காட்டும், இதுல ஒரு நேரங் காட்டும். நம்ம கொடிவழியில எந்தக் காலத்துலயும் இந்த வாக்கியப் பஞ்சாங்கந்தான்"னாரு. இன்னொருத்தரு, "அதுக்கென்ன தெரியும் பாவம்"னாரு.

எனக்கென்ன தெரியும்ங்க? அந்தப் பஞ்சாங்கம் ஆம்பளைக பொட்டியில இருந்துச்சு. அவிய எடுப்பாங்க, பார்ப்பாங்க, மூடி வெச்சிருவாங்க. ரெண்டு விதமா இருக்குது, நம்முளுது இதுதான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த ஊட்டுல எனக்கு ஆரும் சொன்னதில்லீங்க. சொல்லியிருந்தா நான் வெடியாலயே முடிச்சிருப்பேன். அப்பத்தானுங்க நான் அழுதேன். தரையில உழுந்து அழுதேன். புருசன் மேல எத்தனை பாசம் பாருன்னு ஊரே சொல்லுச்சு.

ஜெயபாண்டி ஆளுகளைக் கூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. அடுத்த நாளு ஆரோக்கியராஜ் மாலையோட வந்தாரு. அடைப்புன்னு கேள்விப்பட்டுட்டு, "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்கம்மா. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது, ஆனா உங்களுக்கு இருக்குல்லா. மெஷினை வேற ஷெட்டுல எறக்கிக்கிடுறேன். ஆறு மாசம் கழிச்சே பிரிங்க"ன்னாரு. முன்னாடியே கேட்டிருந்தா உட்டிருப்பீங்களான்னு கேட்டேன். "உங்களுக்கு இல்லாமயாம்மா"ன்னாரு.

நான் உள்ள போயி ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன். அந்தாளு மேல எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறலீங்க. இத்தனை நல்லவனா இருக்கறவன் அதை நேரத்தோட வந்து சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா?

அப்புறம் ஆறு மாசம். பொழுதானா அந்தச் சின்ன அறையில வெளக்கு வெப்பேன், தண்ணி வெப்பேன். ஒரு நாளு தவறலை. செஞ்சவளே வெளக்கும் வெச்சான்னு நீங்க பேசிக்குவீங்க. வேற ஆரு வெப்பா? ஒறம்பரையில ஆராச்சும் கூட வந்து நின்னாங்களா?

தை பொறந்து ஜெயபாண்டி வந்தாரு, பிரிச்சாரு, ஏத்துனாரு. மொதல்ல நெலவைக் கழட்டறப்ப நான் மஞ்சத்தண்ணி தெளிச்சுக் குடுத்தேன். அங்க நிறுத்தி முடிக்கவே மாசக்கணக்காச்சு, இன்னிக்குத்தானுங்க யுனிவர்சிட்டியில தெறப்பு விழா. நித்தீஷ் காருல கூட்டிட்டுப் போனான். ஊடு நிக்குதுங்க அம்மிணி. புல்லுத்தரைக்கு நடுவால, எங்க தொட்டி, எங்க ஆசாரம், ஒரு உத்தரம் பிசகாம. பஞ்சுத்தூசி இல்லை, சங்குச் சத்தம் இல்லை. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இதுக்குத்தானேன்னு நெனைச்சேன்.

வாசப்படிக்குப் பக்கத்துல கல்லு. துணியை வெலக்குனாங்க. "கிட்டுசாமி நினைவு இல்லம்." கீழ சின்ன எழுத்துல, "தம் முன்னோர் இல்லத்தை வாழ்நாள் முழுவதும் போற்றிப் பாதுகாத்த பெருந்தகையின் நினைவாக."

போற்றிப் பாதுகாத்தாராம். எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன், கை தானாத் தட்டுச்சு. மோனிஷாவைத் தேடிப் புடிச்சுக் கேட்டேன். "ஃபேமிலில இருந்து குடுத்த வாசகம் ஆன்ட்டி, உங்க பையன்தான் அனுப்புனாரு"ன்னுச்சு. நித்தீஷைக் கேட்டேன். "ஏம்மா, அப்பா பேரைப் போட்டா உனக்குப் பெருமைதானே?"ன்னான்.

உள்ள போனேன். அந்தத் தூணு நிக்குது. சுண்ணாம்புக் கறையைச் சுத்திக் கண்ணாடி போட்டுப் பூட்டி வெச்சிருக்கறாங்க. அதுக்குக் கீழ ஒரு அட்டை, இந்த ஊட்டு மனுசரோட வாழ்ந்த தடம்னு. நான் போட்ட எண்ணெய்க்குக் கண்ணாடி இல்லீங்க. நான் தொடைச்சதுக்கு அட்டை இல்லை. வேற ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தேன், எண்ணெய் வத்திப்போய்க் கெடந்துச்சு. முந்தானையில தொடைக்கப் போனேன். வாட்ச்மேன் ஓடி வந்து, "பாட்டி, தொடக்கூடாது, தள்ளி நின்னு பாருங்க"ன்னான்.

தள்ளி நின்னு பாக்கோணுமாம், நானு.

அங்கிருந்து நேரா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். இங்க வந்து எறங்குனேன். நீங்க கோர்ட்டுல என்ன எழுதுவீங்களோ எழுதிக்குங்க. இந்த ஊட்டைக் காப்பாத்துனது கிட்டுசாமி இல்லை, சுப்பாத்தாள்னு மட்டும் அதுல வரோணும். அந்தக் கல்லை எடுத்தரோணும். அதுக்கு என்ன வெலை குடுத்தேன்னு எல்லாருக்கும் தெரியோணும்.

அப்புறம் இப்ப உள்ள போயி ஆரோ ஒருத்தர்கிட்டப் போன்ல பேசுனீங்களே. ஒச்சாயிகிட்டத்தானே? சொல்லிட்டாளா?

ஆமாங்க, அன்னிக்கு எங்கிட்டச் சொன்னா. நித்தீஷுக்கும் கொழுந்தனாருக்கும் போனைப் போட்டுப்போட்டு நான் உக்கார்ந்திருந்தேன், முன்னாடி வந்து நின்னா. "அம்மா, ஐயாவ எங்க வீட்டுக்குத் தூக்கியாந்துருங்க. ஒத்த ரூமுதான், ஆனா காத்து வரும். எம்புருசனும் அங்கனதான் போனாரு. அடைப்பு வந்தா வந்துட்டுப் போகுது, வெளக்குத்தானே, நான் ஏத்துறேன். அவருக்கா முடியுறப்ப முடியட்டும்மா"ன்னா. ஆட்டோவுக்குக்கூட அவளே பேசி வெச்சிருந்தா, வாசல்ல நின்னுட்டு இருந்துச்சு. நல்ல மனசுதானுங்க அவளுக்கு, நான் இல்லைங்கலை.

ஆனா நீங்களே சொல்லுங்க அம்மிணி. அவரைக் கொண்டு போயி மண்ணரை லைன் ஊட்டுல, அவிய பாயில படுக்க வெச்சு, கடைசித் தண்ணியை அவ கையில வாங்கிக் குடிக்க உடறதா? ஒறம்பரை கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டு போயி வெப்பேன்? என்ற மேல ஆயிரம் குத்தம் எழுதிக்குங்க. அந்த மனுசனோட மரியாதையை மட்டும் நான் ஒரு நாளும் உட்டுக்குடுத்ததில்லீங்க.